எண்பத்தொன்பதாம் பாத்தி

விதைப் பண்ணையில் அவளுக்கு மீசைக்காரி என்று பெயர். பார்லிக் கதிருக்கு நீளநீளமாய் மீசை உண்டு. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கதிர்களை எண்ணுவதும் அளப்பதும்தான் அவள் பிழைப்பு. சாயங்காலம் வீடு திரும்பினால், தையற்காரப் புருஷன் அவள் துணியில் குத்தி நிற்கும் மீசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். "பாதிப் பண்ணை நம்ம வீட்லதான் இருக்கு" என்பார்.

அந்த வருஷம் முந்நூறு பாத்தி, முந்நூறு வகை. பாத்திக்கு இரண்டு இலை கிள்ளி, இரண்டு சதுர உறைகளில் போட்டு, எண் எழுதினாள். ஒன்று மரபணுச் சோதனைக்குப் போகும். மற்றது டப்பாவில் இருக்கும். ஒன்றுக்கொன்று தூரமான வகைகளைச் சேர்த்துத்தான் புது ரகம் உண்டாக்குவார்கள். இரண்டு வகை ஒரே அச்சாக இருந்தால் ஒன்றைக் கழித்துவிடுவார்கள்.

அறுவடை முடிந்து முடிவு வந்தது. ஆராய்ச்சிப் பொறுப்பிலிருந்த மேடம் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்.

"அறுபத்தெட்டும் எண்பத்தொன்பதும் ஒண்ணுதான். எண்பத்தொன்பதக் கழிச்சிடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அறுபத்தெட்டுக்குக் கதிரில் இரண்டு வரிசை மணி, எண்பத்தொன்பதுக்கு ஆறு. ஆலங்கட்டி மழையில் மற்றதெல்லாம் பாயாய்ப் படுத்தபோது, படுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றதும் அதுதான்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல மேடம்."

"சோதனை பொய் சொல்லாதும்மா."

டப்பாவைத் திறந்து தேடினாள். எண்பத்தொன்பது என்று இரண்டு உறை. அறுபத்தெட்டைக் காணோம். ஓர் உறையைத் தலைகீழாகத் திருப்பினாள். அறுபத்தெட்டு! எண்ணுக்கு அடியில் கோடு போடு என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த வருஷம் அவசரத்தில் அவள் போடவில்லை. பிரிக்கும்போது அறுபத்தெட்டின் உறை ஒன்றைத் தலைகீழாகப் படித்து எண்பத்தொன்பது என்று அனுப்பிவிட்டாள். சோதனைக்குப் போன இரண்டுமே அறுபத்தெட்டின் இலை.

வீட்டில் புருஷனிடம் கொட்டினாள்.

"நான் வாயத் தொறக்கலைன்னா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எண்பத்தொன்பது குப்பைக்குப் போயிடும், அவ்வளவுதான். நான் கோட்டுக்கு ரெண்டு இடது கை வச்சுத் தச்சப்ப ஒத்துக்கலியா?"

"ஆமா, பெரிய தியாகம்! அத எங்க ஒளிச்சிருப்பீங்க?"

மறுநாள் காலை மேடம் மேஜையில் உறையை வைத்துத் திருப்பிக் காட்டினாள். மேடம் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"பன்னண்டு வருஷத்துல முதல் தப்பு."

"கண்டுபிடிச்சதுல முதல் தப்புன்னு சொல்லுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் மாறியது. "அப்ப அறுபத்தாறு, தொண்ணூத்தொன்பது?"

"அதையும்தான் எழுதிட்டு வந்திருக்கேன். தலைகீழாப் படிக்க முடியற எண் எல்லாத்தையும் மறுபடி விதைச்சு இலை எடுக்கணும்."

விதைப் பைகளுக்கு வாய்ப்பக்கம் கட்டு இருந்ததால் அவற்றில் குழப்பமில்லை. தட்டில் விதைத்து, தினமும் தானே தண்ணீர் தெளித்து, இலை வந்ததும் கிள்ளினாள். இம்முறை எண்ணை எழுத்தால் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து மேடம் ஃபோனில் கூப்பிட்டார். "முந்நூறுலயும் எண்பத்தொன்பதுக்குக் கிட்டத்துச் சொந்தமே இல்லம்மா. கலப்புக்கு முதல்ல அதத்தான் எடுக்கறோம்."

ஃபோனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"எண்பத்தொன்பதுக்குப் பொண்ணு பாக்கறாங்களாம்."

"நல்ல இடமாப் பாக்கச் சொல்லு."

சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.