பொன்னிறக் குட்டிகளைப் பார்க்கப் போனோம்

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மலாயாவின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, இது மலை, இது ஆறு, இது துறைமுகம் என்று குச்சியால் தொட்டுக் காட்டிப் பிழைத்தவன். அந்தக் குச்சி போன இடத்துக்கெல்லாம் என் கால் போனதில்லை. வடக்கு சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்து, முப்பது வயதுவரை கடலைப் பார்க்காமலே இருந்துவிட்டேன். கோல சிலாங்கூர் அப்படியொன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு குன்று இருக்கிறது. அதன்மேல் டச்சுக்காரர்கள் விட்டுப்போன பீரங்கிகள், கலங்கரை விளக்கம், பழைய சுல்தான்களின் கல்லறைகள். இவற்றையெல்லாம் நேரில் கண்டவனைப்போல வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்குள்ளே அவமானமாக இருக்கும்.

போகலாம், போகலாம் என்று தள்ளிப்போட்டதில் வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. ஒரே ஒரு வாசல், அதில் காவல். அரிசி, சோறு, பால் டின், மருந்து எதுவும் வேலிக்கு வெளியே போகக்கூடாது. போனால் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் தண்ணீர்ப் போத்தலோடுதான் போனார்கள். வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார்கள். மறந்துபோய் எதையாவது எடுத்து வந்தவர்கள், சோதனைக்கு முன்னால் அதில் போட்டுவிட்டால் கேள்வி கிடையாது. போடாமல் மாட்டினால் ஜெயில். அந்தப் பெட்டியில் ரொட்டித் துண்டையும் வாழைப்பழத்தையும் போட்டுவிட்டுப் போகிற ஆட்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். பெரிய விஷயமே இல்லை.

அந்தக் காலத்தில்தான் எனக்கு ஊர் பார்க்கும் ஆசை தலைக்கேறியது. கதவைச் சாத்தினால்தானே வெளியே போகத் தோன்றும். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணியிடமும் போலீஸிலும் பல்லைக் காட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு வாங்கினேன்.

என் மனைவி அப்போது நாலு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. பஸ் குலுக்கும், வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. “நானும் வருவேங்க. கண்டிப்பா வருவேன்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் பீரங்கிக் கதைகளைக் கேட்டுத்தான் இவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு காலையில் நான் வெள்ளை முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டேன். அவள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வாசலில் வரிசை. காவலுக்கு நின்ற மலாய்க்கார போலீஸ்காரர் என்னைத் தெரிந்தவர்தான், “சிக்கு” என்று வாத்தியார் மரியாதையோடு கூப்பிடுவார். சாப்பாட்டுச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்ககிட்ட ஒன்னுமில்ல. நான் வாத்தியார்லா, சட்டம் தெரியாதா எனக்கு? நல்லா சோதிச்சுப் பாருங்க!” என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். மலாயிலும் ஒரு தடவை சொன்னேன்.

பெண்களைச் சோதிக்க நம் தமிழ்ப் பெண் ஒருத்தியையே வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் என் மனைவியை ஓலைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பிறகு, “ஐயோ அக்கா, இதை ஏன்க்கா கொண்டாந்தீங்க?” என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. சோதனைக்காரி அதை மறைத்தே விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அன்றைக்கென்று வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து நின்றிருந்தார். சத்தம் கேட்டு அவரே தட்டியருகே வந்துவிட்டார். மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவருக்கு முன்னால் அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு பிடி பச்சரிசி.

அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. கோல சிலாங்கூர்க் குன்றில் கறுப்புக் குரங்குகள் உண்டு. தாய் கறுப்பாக இருக்கும், பிறந்த குட்டி மட்டும் பொன்னிறமாக இருக்கும். அப்படிக் குட்டியை மார்பில் வைத்திருக்கும் தாய்க்கு, சாமி படத்துக்கு முன்னால் முடிந்து வைத்த அரிசியைக் கொடுத்தால் வயிற்றுப் பிள்ளை தங்கும் என்று பக்கத்து லயத்துக்காரி சொல்லியிருக்கிறாள். அங்கே போய் வாங்கிய அரிசி ஆகாது, முடிந்து வைத்ததுதான் ஆகும். வேண்டுதல் நிறைவேறும்வரை யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது, கட்டினவனிடம்கூட. நான் இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். குரங்குக்கு அரிசியா என்று அந்த அதிகாரி கேட்டார். வாத்தியாரே ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணின பிறகு ஒளித்து வைத்த அரிசி எப்படி வந்தது என்றும் கேட்டார்.

அவளை லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ரோட்டு வளைவுவரைதான் ஓட முடிந்தது.

கிராணியைப் பார்த்தேன். தோட்டத் துரையைப் பார்த்தேன். போலீஸ் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். பதினோராம் நாள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆறாம் நாளே லாக்கப்பில் பிள்ளை போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் ரொம்ப ரத்தம் போய்விட்டதாம். இனிமேல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சோறு பொங்கினாள், எனக்குப் போட்டாள். அந்த வாசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். அந்தப் போலீஸ்காரரை, அந்த வெள்ளைக்காரரை, சோதனைக்காரியை, பக்கத்து லயத்துக்காரியை எல்லாம் வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டபடி அவள் அடுப்பு வேலையைப் பார்ப்பாள்.

அவசரகாலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து, வேலியைப் பிரித்தெடுத்த பிறகு ஒருநாள், “அந்த மலைக்குப் போவமா?” என்று அவளே கேட்டாள். போனோம். கடல் என்று நான் பாடம் நடத்தியது வெறும் சேறு. கரையெல்லாம் கண்டல் மரம். ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங் பக்கம் மீன் படகுகள் வரிசையாகக் கிடந்தன. பீரங்கி துருப்பிடித்திருந்தது. பழக்கதோஷத்தில் அது எந்த நூற்றாண்டு, யார் வைத்தது என்று ஆரம்பித்தேன். அவள் கவனிக்கவில்லை. பெரிய மரத்தடியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் குரங்கு ஒன்று குட்டியை அணைத்தபடி இளந்தளிரைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. குட்டி நிஜமாகவே பொன் நிறம். மரத்தில் தளிருக்குக் குறைவே இல்லை. அதற்கு யாருடைய அரிசியும் தேவைப்படவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அந்தப் படுபாவி போலீஸ்காரன் மட்டும்...” என்று தொடங்கினேன்.

“அவர ஏங்க திட்டுறீங்க?” என்றாள். கோபமே இல்லாத குரல். “வரிசையில நிக்கிறப்பவே எனக்குப் பயம் வந்திருச்சு. அந்தத் தகரப் பெட்டியில போட்டுரலாம்னு மடியிலேருந்து முடிச்ச எடுத்துட்டேன். கையிலதான் இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க ஒன்னுமில்லன்னு அத்தன பேரு முன்னால சத்தமா சொல்லிட்டீங்க. ஒங்களப் பொய்யாக்க எனக்கு மனசு வரல. திரும்ப மடியில வச்சுக்கிட்டேன்.”

இனி நான் திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கி நடந்தேன்.