லூர்து அண்ணன் போட்ட சிவப்புக் கோடு

லூர்து அண்ணன் போய்விட்டார். போர்ட் பிளேர், ஜங்லிகாட் மெக்கானிக் லூர்து. நேற்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே...

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஜீப் ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். போட்டவர்களில் பாதிப் பேர் நாலு வருஷமாக அவர் பட்டறைப் பக்கமே போகாதவர்கள்.

போகாததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு பதிவு. அதைப் பற்றி எழுத அலுப்பாக இருக்கிறது. எழுதாமல் இருப்பதும் அலுத்துவிட்டது.

அந்த வருஷம்தான் எனக்கு வரவேண்டிய பிரமோஷன் மெயின்லேண்டிலிருந்து வந்த என் ஜூனியர் ஒருவனுக்குப் போனது. அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அந்தக் கடுப்பில்தான் என் பழைய டீசல் ஜீப்பை லூர்து அண்ணனிடம் விட்டேன். சஸ்பென்ஷனை உயர்த்தி, சேற்றுக்கான டயர் போட்டு, முன்னால் இழுவைக்கு வின்ச் வைத்து, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றி... இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு வழக்கம். மாற்றிய வண்டியை உடனே சாவி கொடுத்து அனுப்பிவிட மாட்டார். மூன்று நாள் காட்டுப் பாதையில் ஓனர் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவார்.

“தூங்குறேன்னு நெனைக்காதிய சார். வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்கேன்.”

“குறட்டைச் சத்தம் வருதே அண்ணே?”

“அது பின் ஆக்சில்.”

ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருந்தார். நட்டில் ஆரம்பித்து அது உட்காரும் இரும்பு வரை ஒரே கோடு. சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். கோடு விலகியிருந்தால் நட் தளர்கிறது என்று அர்த்தம்.

“வீட்டுக்காரியோடது சார். பாட்டில் எங்கன்னு அவ தேடுவா. நானும் கூடச் சேந்து தேடுவேன்.”

மாயாபந்தர், திக்லிபூர் பக்கம் ஒரு காலத்தில் மரம் இழுக்கப் போட்ட பாதைகள். இப்போது பாதி காடு. சேறு, அட்டை, ஓயாத மழை. இரண்டு நாள் ஓட்டியும் ஒரு கோடு விலகவில்லை.

மூன்றாம் நாள் காலை, திரும்பும் வழியில் ஒரு ஓடை. இரவு மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. லூர்து அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“நிப்பாட்டுங்க சார். ஃபேன் பெல்ட்டக் கழட்டிருவோம். ஃபேன் சுத்துதப்போ தண்ணிக்குள்ள எறங்குனா, எறக்கை வளைஞ்சு ரேடியேட்டர அறுத்துரும். பத்து நிமிஷம்தான்.”

“பத்து நிமிஷத்துல கான்வாய் போயிரும் அண்ணே.”

போர்ட் பிளேர் திரும்பும் காட்டுச் சாலையில் தனியாகப் போக விட மாட்டார்கள். குறித்த நேரத்தில் வண்டிகள் சேர்ந்துதான் போக வேண்டும். கடைசி வரிசையை விட்டால் இன்னொரு நாள். மறுநாள் அந்த ஜூனியர் முன்னால் நின்று லீவுக்கு விளக்கம் சொல்ல என்னால் முடியாது. அதோடு... எஞ்சினியரிங் படித்தவன் நான்தானே.

இறக்கினேன். நடு ஓடையில் ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பக்கத்து கிராமத்து பெங்காலி ஒருவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார். பானெட்டைத் திறந்து, கிழிந்த ரேடியேட்டரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

“பெல்ட் நஹீ கோலா? யே கிஸ்கா திமாக் ஹை?” பெல்ட்டைக் கழற்றாமல் இறங்கிய புத்திசாலி யார் என்று கேட்டார்.

நான் குனிந்து பேண்ட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.

“மேரா கல்தி, தாதா. பூல் கயா,” என்றார் லூர்து அண்ணன். என் தப்புதான், மறந்துட்டேன் என்று. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளி ஆள் முன்னால் கஸ்டமரைத் தலைகுனிய விட மாட்டார். அது அவர் குணம். எனக்கு அது அப்போதே தெரியும்.

தெரிந்தும், ஒரு வாரம் கழித்து குரூப்பில் எழுதினேன். ‘லூர்துவிடம் வேலைக்கு விட்டேன். மூன்றாம் நாளே ரேடியேட்டர் போயிற்று. ஃபேன் பெல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.’

அவர் வாயால் சொன்னதைத்தான் எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் வரவிருந்த ஜீப்புகள் வேறு பட்டறைகளுக்குப் போயின. அதன்பின் அவர் பார்த்ததெல்லாம் ஸ்கூட்டர் பிரேக், ஆட்டோ கிளட்ச். குரூப்பில் அவரும் இருந்தார். ஒரு வரி பதில் எழுதவில்லை.

கடைத்தெருவில் பார்த்தால் ஒரே கேள்விதான். “ஜீப் எப்படி இருக்கு சார்?”

நான் தலையை ஆட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பேன்.

ஒரு தடவை நடுரோட்டில் நிறுத்தி என்னைத் திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை மனுஷன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது எனக்கு.

லூர்து மறக்கவில்லை. சொன்னார். நான் கேட்கவில்லை. பழைய பதிவை அழிக்காமல், அதன் கீழேயே இந்தப் பதிவையும் போட்டிருக்கிறேன். கைகூப்பியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

டிக்கெட் எடுக்காமல் குட்வில் எஸ்டேட் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். முழங்கால் வலியோடு ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நெயில் பாலிஷ் மங்கித்தான் போயிருக்கிறது. கோடு ஒன்றுகூட விலகவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். போகிறேன். அவர் வீட்டம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை...

ஜீப் நல்லா இருக்கு அண்ணே. போய்ட்டு வாங்க.