ஆலங்குடி கூரியர் ஆபீஸும் இருபத்திரண்டு சுங்குடிச் சேலைகளும்

ஆலங்குடியில் ஒரு கூரியர் ஆபீஸில் பிரகதீஸ்வரி ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்குவாள். வந்திறங்கும் சாக்குகளைப் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கி, உரியவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பது அவள் பொறுப்பு. கணவன் வசந்தகுமார் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். மகள் ஹரிணி எட்டாவது படிக்கிறாள்.

ஆன்லைன் துணிக்கடைகளைத் துருவிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு ஒரு சூடு பட்ட பிறகுதான் வந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஹரிணியின் பிறந்தநாளுக்கு ஒரு அனார்கலி சுடிதார் ஆர்டர் போட்டாள். படத்தில் கழுத்தெல்லாம் ஜரிகை வேலை, பாவாடை மாதிரி விரிந்த குடை. பார்சல் அவள் ஆபீஸுக்கே வந்தது. பெறுபவர் இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். பிரித்தால், கொசுவலை மாதிரி ஒரு துணி. ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் ஜரிகையின் படத்தை அச்சடித்திருந்தார்கள். ஹரிணி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றுவிட்டு, பள்ளிக்கூட நாடகத்துக்கு ஆகும் என்று சொல்லிச் சிரித்தாள். பிரகதீஸ்வரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திருப்பி அனுப்பிய பார்சல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற முத்திரையோடு பதினைந்து நாளில் அவள் மேசைக்கே திரும்பி வந்தது.

அதன் பிறகு கையில் ஏறும் துணிப் பார்சல் ஒவ்வொன்றும் அவளுக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தது. பட்டுச்சேலை என்று எழுதிய பார்சல் ஒரு கைக்குட்டை கனம்கூட இல்லாவிட்டால், வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குச் சங்கடமாக இருக்கும். பிரித்து ஏமாந்தவர்கள் மறுநாள் அவளிடம்தான் வந்து சண்டை போடுவார்கள். நல்ல கடைகளிலிருந்து வரும் பார்சல்களையும் அவள் கவனித்தாள். அனுப்புநர் பெயரும் போன் நம்பரும் தெளிவாக இருக்கும். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு ஆள் எடுப்பார். கொஞ்ச நாளில் ஆலங்குடிப் பெண்கள் ஆர்டர் போடுவதற்கு முன்பே போனை அவளிடம் நீட்டி, இந்தக் கடை தேறுமா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த வருடம் வல்லத்திராக்கோட்டையில் ஐயனார் கோயில் புரவியெடுப்பு. மண்குதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போகும்போது, பின்னால் போகும் பிரகதீஸ்வரியின் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சேலை கட்டிப் போவதென்று மகளிர் குழுவில் முடிவானது. இருபத்திரண்டு சேலை. குழுத் தலைவி பொன்னுத்தாய், வசந்தகுமாரின் பெரியப்பா மகள். பிரகதீஸ்வரிக்கு அத்தாச்சி முறை. எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். அவள் போனில் ஒரு விளம்பரத்தைப் பிடித்து வைத்திருந்தாள். மயில் படம் போட்ட கோயம்புத்தூர்க் கடை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கடையில் விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: தள்ளுபடி முடிய இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம்.

“ஏத்தா ஈசுவரி, வெரசாப் பாரு. நேரம் போகுது,” என்றாள் பொன்னுத்தாய்.

பிரகதீஸ்வரி அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கடிகாரம் மறுபடி இரண்டு மணி நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

பொன்னுத்தாய் போனை வாங்கித் தானும் ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே எத்தனை பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் பொய்யா சொல்வார்கள் என்று கேட்டாள். பிரகதீஸ்வரி அதைப் படித்துக் காட்டினாள். முப்பது பேர் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் சேலை பிடித்திருந்தது. ஒருத்தர்கூட, வர நாளாகிவிட்டது, நிறம் கொஞ்சம் மாறிவிட்டது என்று சொல்லவில்லை.

“குத்தமே சொல்லாத முப்பது பொம்பளைகள நம்ம தெருவுலயே சேக்க முடியாது, அத்தாச்சி.”

அதற்குப் பொன்னுத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகவரி இருக்கிறதே என்றாள். மறுநாள் ஆபீஸ் போனதும் பிரகதீஸ்வரி அந்த முகவரியைக் கோயம்புத்தூரில் அந்தப் பகுதி டெலிவரி பார்க்கும் ஆளிடம் போனில் சொல்லி, போகிற வழியில் ஒரு எட்டுப் பார்க்கச் சொன்னாள். மத்தியானம் அவர் ஒரு போட்டோ அனுப்பினார். அந்தக் கதவிலக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. சேலை என்று கேட்டதற்கு அங்கிருந்த நர்ஸ், இந்த மாதம் நீங்கள் ஐந்தாவது ஆள் என்றாராம். போட்டோவைப் பார்த்த பொன்னுத்தாய், வேறு கடை நீயே பாரு என்றாள்.

பிரகதீஸ்வரி தேடியதில் சின்னாளப்பட்டியில் ராஜலட்சுமி என்று ஒரு பெண் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்பது தெரிந்தது. பக்கம் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த சேலைகளைக் கையாட்டத்தோடு எடுத்த படங்கள். கீழே ஒருத்தி, பார்சல் எட்டு நாள் கழித்து வந்தது என்று குறை எழுதியிருந்தாள். மழையில் துணி காயவில்லை, மன்னிக்கவும் என்று பதில் இருந்தது. அந்தப் பதிலைப் படித்ததும் பிரகதீஸ்வரிக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிக்குக் கூப்பிட்டுப் பேசினாள். வீடியோவில் அதே மாம்பழ மஞ்சளில் ஒரு சேலையை விரித்து, கரையைக் காட்டச் சொன்னாள், ராஜலட்சுமி காட்டினாள். பார்சல் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கலாமா என்று கேட்டபோதுதான் முடியாது என்றாள்.

“போன வருசம் முப்பது சேல கேட்டாங்கக்கா. சாயம் போட்டு, மடிச்சு அனுப்புனேன். வாங்க மாட்டோம்னு திருப்பிட்டாங்க. நீங்க என்னய சோதிக்கிறீங்க, சரி. ஒங்கள நான் எப்புடி நம்புறது?”

இத்தனை வருடத்தில் எந்தக் கடையும் பிரகதீஸ்வரியை இப்படிக் கேட்டதில்லை. தன் ஊரையும் பெயரையும் மட்டும் சொல்லி, விசாரித்துக்கொள்ளுங்கள் என்றாள். வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் ஆபீஸின் பின்னறையில் ஒரு சாக்கை எடை போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் மேனேஜர் அருள்மணி போனை எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சின்னாளப்பட்டியிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல் சொன்னது. ஆலங்குடிப் பக்கம் பார்சல் கொடுக்கும் ஆபீஸ் என்று நம்பரைத் தேடி எடுத்தாளாம்; வல்லத்திராக்கோட்டையில் பிரகதீஸ்வரி என்று ஒருவர் இருபத்திரண்டு சேலை கேட்கிறார், அனுப்பினால் ஒழுங்காக வாங்கிக்கொள்ளும் ஆள்தானா என்று கேட்டாள்.

பிரகதீஸ்வரி சாக்கைக் கீழே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அருள்மணி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்தம்மாவாங்க? போன தீபாவளிக்கு எம்பொண்டாட்டி பேர்ல ஒரு பார்சல் வந்துச்சு. நான் இந்த ஆபீஸ் மேனேஜருங்க. என்கிட்டயே ஆதார் கார்டு கேட்டுட்டுத்தான் குடுத்துச்சு. போதுங்களா?”

அந்தப் பக்கம் ராஜலட்சுமி சிரிப்பது அறை முழுக்கக் கேட்டது. போதும் என்றாள். பிரகதீஸ்வரி முகம் சிவக்க மறுபடி தராசின் பக்கம் போய்விட்டாள். அருள்மணி அன்று முழுக்க, யாரோ உன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள், பெண் பார்க்க வருகிறார்களோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரே ஒரு சேலைக்குப் பணம் அனுப்புவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். ஐந்தாம் நாள் அது வந்தது. மஞ்சள், படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. பொன்னுத்தாய்க்கு அதுவே பிடித்துப்போயிற்று. பிரகதீஸ்வரி அதை வாளியில் அலசினாள். தண்ணீர் லேசாக மஞ்சளானது. உடனே கூப்பிட்டுக் கேட்டாள். முதல் இரண்டு அலசலுக்கு அப்படித்தான் இருக்கும், கல்லுப்புப் போட்டு ஊற வையுங்கள், அப்புறம் போகாது என்றாள் ராஜலட்சுமி. அப்படியே ஆனது. மீதிப் பணத்தையும் போட்டுவிட்டு, மற்ற சேலைகளையும் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூட்டை வந்தது. பொன்னுத்தாய் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். ஒரு சேலையின் முந்தியில் மட்டும் கையகலத்துக்குச் சாயம் திட்டாக ஏறியிருந்தது. அதைக் கட்ட வேண்டியவள் பரிமளா, அதிகம் பேசாதவள். பரவாயில்லை, முந்தியைச் சுருட்டிச் செருகிக்கொள்கிறேன் என்றாள். பிரகதீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. திட்டைப் படம் எடுத்து ராஜலட்சுமிக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டதே, இனி அந்தப் பெண் போனை எடுப்பாளா என்ற நினைப்பும் வந்தது.

பத்து நிமிடத்தில் ராஜலட்சுமியே கூப்பிட்டாள். கூரியரில் போட்டால் நேரத்துக்கு வராது; திண்டுக்கல் போய் புதுக்கோட்டை வண்டியில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். மறுநாள் காலையில் பஸ் நம்பரும் கண்டக்டரின் போன் நம்பரும் வந்தன.

மத்தியானம் பிரகதீஸ்வரி புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். அடையாளத்துக்கு என்று ஆதார் கார்டைக் கையிலேயே வைத்திருந்தாள். வண்டி வந்து நின்றதும் கண்டக்டர் படியிலிருந்தே ஒரு மஞ்சப்பையை நீட்டினார்.

“சேலதானம்மா? இந்தாங்க.”

“நான் யாருன்னு கேக்கலையே, அண்ணே.”

“மஞ்சப்பையைப் பாத்ததும் ஒங்க மொகம் மலந்துச்சுல்ல, அது போதும். தள்ளி நில்லுங்க, வண்டி பின்னால வருது.”

பைக்குள் சேலையோடு ஒரு பொட்டலம் கல்லுப்பும் இருந்தது. அதைப் பார்த்து பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் அவள் தனியாகச் சிரித்தாள்.

புரவியெடுப்பு அன்று மேளம் முன்னே போக, குதிரைகள் அதன் பின்னே போக, இருபத்திரண்டு மாம்பழ மஞ்சளும் வரிசையாகப் போயின. பரிமளா முந்தியை நன்றாக விரித்துவிட்டு நடந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய குழப்பம். மூன்று வயதுப் பையன் ஒருத்தன் தன் அம்மா என்று நினைத்து பொன்னுத்தாயின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை வந்துவிட்டான். நிமிர்ந்து பார்த்ததும் அழுகை. ஹரிணி வீடியோ எடுத்துக் கத்தாருக்கு அனுப்பினாள். இதில் உன் அம்மா யார் என்று வசந்தகுமார் கேட்டு எழுதினான்.

பொன்னுத்தாய் மயில் கடையைப் பற்றி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் திருவரங்குளத்தில் ஒரு காதுகுத்து விருந்தில், பக்கத்து இலைப் பெண் தன் போனில் ஏதோ சேலைக் கடையை ஆசையாகக் காட்டியிருக்கிறாள். பொன்னுத்தாய் இடது கையால் அந்தப் போனை வாங்கி, பக்கத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தாளாம்.