சாரை என்று நான் எழுதி ஒட்டிய சட்டை

டிசம்பர் மழை விட்ட ஒரு வியாழக்கிழமை காலை, அடையாறில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். உள்ளே ஓடிப்போய் சார்ட் அட்டை எடுத்து வந்தேன்.

தலைப் பக்கம் கிழிந்து போயிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் எதிரே இருந்த சுவர் தெரிந்தது, அத்தனை நிறமில்லாமல் இருந்தது. அங்கங்கே மங்கலாகத் திட்டுத் திட்டாக ஏதோ இருந்ததைச் சேறு என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி விரியன் என்றால் முதுகில் சங்கிலி போல வட்டங்கள் இருக்க வேண்டும். கட்டுவிரியன் என்றால் வெள்ளைப் பட்டைகள். இரண்டும் இல்லை, ஆகவே சாரை. என் ஆராய்ச்சி அவ்வளவுதான். அட்டையில் ஒட்டி, கீழே 'சாரைப் பாம்பின் சட்டை' என்று முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு தெரு தள்ளி ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்தவள். இப்போது அரசாங்கத்தில் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். விடிவதற்குள் பஸ் பிடித்து வருகிறாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். இவள் கை ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சட்டையின் மேல் வால் பக்கத்திலிருந்து ஒரு விரலை ஓட்டினாள்.

"இன்னா டீச்சர், இத்தப் போய் சாரைன்றீங்க? சொரசொரன்னு கீது. சாரைன்னா வழவழன்னு இருக்கும். இது விரியன்."

"விரியனுக்கு முதுகு பூரா வட்டம் வட்டமா இருக்குமே. இதுல எங்க இருக்கு, காட்டு" என்றேன், வகுப்பில் கேட்கும் அதே குரலில்.

உற்றுப் பார்த்தாள். காட்ட முடியவில்லை. "ஆத்தாண்ட இருந்தப்போ மழைக்கு மழை வூட்டுக்குள்ள வரும், அதான் சொன்னேன்" என்று திரும்பப் பாத்திரத்துக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸ் கேரல் பாட வருவதாக இருந்தார்கள். பின்பக்கம் வாதாமரத்து இலைகள் மழையில் விழுந்து மூலையில் குவிந்து கிடந்தன. சனிக்கிழமை காலை அவளை அள்ளிப் போடச் சொன்னேன். குவியலைப் பார்த்தபடி நின்றவள், "கம்பு எதுனா கீதா டீச்சர்?" என்றாள்.

"எதுக்குக் கம்பு? சாரை என்ன உன்னைத் தின்னுடுமா? கையால அள்ளு, சீக்கிரம் முடியும்."

இதை நான்தான் சொன்னேன்.

இரண்டு முறை அள்ளிக் கோணியில் போட்டாள். மூன்றாவது முறை குனிந்தபோது குவியல் குக்கர் போல இரைந்தது. அவள் பின்னால் விழுந்தாள். அவள் கையிலிருந்த இலைக்கொத்தை ஏதோ வந்து அடித்துவிட்டுப் போனது. நான் பார்த்தது அவ்வளவுதான். ஓடிப்போய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கீழே கிடந்த பழுப்பு இலை ஒன்றில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

பாம்பு பிடிப்பவர் வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவர் குவியலைக் காட்டி, "அதோ பாருங்கம்மா" என்றார். நல்ல வெயில், பத்தடி தூரம். எனக்கு இலைகள்தான் தெரிந்தன. விரலை நீட்டி மறுபடி காட்டினார். அப்போதும் இலைகள்தான். பிறகு அந்த இலைகளில் ஒன்று மூச்சு விட்டது. கண்ணாடி விரியன். கை தடிமனில் சுருண்டு, இத்தனை நேரமும் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

அதைப் பையில் போட்டுக் கட்டிய பிறகு, சட்டை கிடைத்ததை நான் சொன்னதும், என் சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. சட்டையைப் பிரித்துத் தண்ணீரில் அலசி, என் கறுப்புக் குடையின் மேல் விரித்தார். நான் சேறு என்று நினைத்தது போகவில்லை. மூன்று வரிசையாக வட்டங்கள் புகை போல எழுந்து வந்தன.

"பாம்போட கலர் பெரும்பாலும் உள்தோல்லயே தங்கிடும்மா. சட்டையில நெழல்தான் வரும். கலரை வெச்சு ஏமாறலாம், செதிலை வெச்சு ஏமாற முடியாது" என்று ஒரு செதிலைக் காட்டினார். நடுவில் தையல் மடிப்பு போல ஒரு மேடு. சாரையின் செதில் பெரும்பாலும் மழமழவென்று இருக்கும், அதனால் வெயில் பட்டால் மின்னும், கண்ணில் பட்டுவிடும். விரியனின் மேடு பள்ளத்தில் வெளிச்சம் விழுந்து சிதறிப்போகும். மின்னாத உடம்பு, மேலே பழுப்பு வட்டங்கள். காய்ந்த இலைக்குள் கிடந்தால் இலைதான். விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம் என்றார்.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் போனதும் எனக்கு ஏனோ அவள் மேலேயே கோபம் வந்தது.

"உனக்குத்தான் அன்னிக்கே தெரிஞ்சுதே. அப்புறம் எதுக்குக் கைய வெச்ச?"

அவள் அன்று சட்டையைத் தடவிய விரலைப் புரட்டிப் பார்த்தாள்.

"வெரலு விரியன்னுதான் சொல்லிச்சு டீச்சர். நீங்க படிச்சவங்க, சாரைன்னு எழுதியே ஒட்டிட்டீங்க. நான்தான் தப்பா தடவிட்டேன்னு நெனச்சிக்கினேன்."

அவள் எழுந்து துடைப்பத்தை எடுக்கப் போனாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். சார்ட் கீழே கிடந்தது. சட்டை இல்லாத வெறும் அட்டையில் என் கையெழுத்து அழகாகவே இருந்தது.