கடிதத்துக்குப் போன ரோல்ஸ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுகிறேன். மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஊழல், சட்டம், நிர்வாகம் பற்றி ஆராய்ச்சி செய்தபோது அவர்களுடைய ஓட்டமெல்லாம் எனக்குத்தான். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு அவர்களுக்கு அலுவலகம். அந்த வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்பது எனக்கு முழுநேரக் கவலை.

ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு வரும் சனங்களிடம் கேள்வி கேட்க அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. மூன்று வாரமாகியும் வரவில்லை. கடிதம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. ஒரு நாள் காலை, யாருக்கும் சொல்லாமல், ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸை அந்த அலுவலகக் கிளார்க்கின் மேசையில் வைத்தேன். அவர் திறந்து பார்த்து மூடினார்.

"மல்லி, பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் என்னைச் சுவரோர வாங்கில் கொஞ்சம் இருக்கச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் கடிதம் என் கையில்.

வெள்ளவத்தையில் ஒரே சந்தோசம். நிர்வாகம் திருந்தி வருகிறது என்று வெள்ளைக்காரப் பேராசிரியை தன் கொப்பியில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டார். எனக்கு வியர்த்தது.

சனங்களிடம் போகுமுன் கேள்விகளைத் தங்கள் ஆட்களிடமே கேட்டுப்பார்ப்பது அவர்கள் வழக்கம். முதல் ஆளாக என்னை உட்காரவைத்தார்கள். கேட்டவர் எங்களூர் விரிவுரையாளர் மிஸ். பேராசிரியை பக்கத்தில்.

"போன ஒரு வருசத்தில, வேலை முடிக்க அரசாங்க ஆக்களுக்கு ஏதும் குடுத்தனீங்களா?"

"ஓம் எண்டா என்ன செய்வீங்க?"

"ஒண்டும் செய்யமாட்டம். பேரும் எழுதுறேல்ல."

"வேலையால நிப்பாட்டமாட்டீங்கதானே?"

"அண்ணன், கேள்வி கேக்கிறது நாங்கள்."

"குடுத்தனான் மிஸ். ரோல்ஸ்."

"எதுக்கு?"

"உங்கட கடிதத்துக்கு."

மிஸ் மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியை இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னார். பேராசிரியை என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கொப்பியில் அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்தார். பிறகு இருவரும் நெடுநேரம் இங்கிலீஷில் கதைத்தார்கள். என் ஓட்டோவின் லீசிங் தவணையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கடிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் புதுசா விண்ணப்பிக்கிறதாம்," என்றார் மிஸ். "நீங்கதான் கொண்டுபோகோணும். இனி வெறுங்கையோட போங்க."

கொடுத்த கடிதம் திரும்பி வந்ததை அந்தக் கிளார்க் தன் வாழ்நாளில் கண்டதில்லை. முகம் வாடிப்போய், குரலைத் தாழ்த்தி, "ரோல்ஸில் ஏதும் பிழையா?" என்று சிங்களத்தில் கேட்டார். ரோல்ஸ் நல்லது, ஆட்கள்தான் இப்படி என்றேன்.

புதுக் கடிதம் வர இரண்டு மாதமானது. வாரத்துக்கு மூன்று தரம் பேராசிரியை நேரில் போய் விசாரித்தார். ஒவ்வொரு தரமும் ஏற்றிப்போய், காத்திருந்து, ஏற்றி வந்தது நான்தான்.