அம்மா பெர்மனென்ட் ஆன கதை

எங்கள் தெருவில் பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத குழந்தை கிடையாது. அம்மா, அப்பா, சோறு, தண்ணீர் என்று பேசக் கற்றுக்கொண்டதும் அடுத்து வாயில் வருவது அதுதான். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையை ஒட்டியிருந்த அந்தத் தெருவில் எல்லோருமே கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆனவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அடுத்த மாதம் பட்டியலில் பேர் இருக்குமா என்கிற கவலை மட்டும் உண்டு. பெண் கேட்டு வருகிறவர்களிடம் மாப்பிள்ளையின் பேரைக் கேட்பதற்கு முன்னால் "பையன் பெர்மனென்ட்டுங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டின் கீழே கொட்டுகிற கரியை அள்ளிப்போடும் வேலையில் இருந்தார். அம்மா டவுன்ஷிப்பில் ஓர் ஆபீஸ் வளாகத்தைப் பெருக்கினாள். அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். அவர்களில் தலைவி, எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டில் இருந்த ஒரு பெரிய உடம்புக்காரி. யாருக்கு எந்த இடம், யார் எதைப் பெருக்குவது என்று தினமும் காலையில் சொல்வது அவள்தான். நான் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவள் என்னைவிடத் துடைப்பத்துக்கு அதிக மரியாதை கொடுப்பாள்.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் என்பதால் பஸ் போர்டு, ரேஷன் கடை நோட்டீஸ், மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னையும் அழைத்துப்போனது அதற்காகத்தான். எந்த அறைக்கு எந்தப் பக்கம் என்று நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அம்மாவும் அப்பாவும் என் பின்னால் வருவார்கள்.

அம்மாவுக்கு முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு வலது கால் மரத்துப்போய், நடக்கையில் செருப்பு தனியாகக் கழன்று பின்னால் கிடக்கும். டாக்டர் அந்த நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சீட்டில் பேர் எழுதிச் சொன்னார். அதை மட்டும் என்னால் கூட்டிப் படிக்க முடியவில்லை. அப்பாவுக்குப் புரிகிற மாதிரி அவரே சொன்னார்: நரம்புக்கு மேலே இருக்கிற உறை, ஒயருக்கு மேல் ரப்பர் உரிகிற மாதிரி அங்கங்கே உரிகிறது, உரிந்ததை ஊசி ஒட்டவைக்காது, ஆனால் புதிதாக உரிவதைக் குறைக்கும். ஒன்று விட்டு ஒரு நாள் ஊசி. வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் போடக் கூடாது, தொடை, வயிறு, கை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்பா இதை உடனே பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு இடது தொடைக்கு டூட்டி. வலதுக்கு ஆஃப்" என்பார்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமே என்று, மாற்றலாகிப் போன ஒரு குவார்ட்டர்ஸ்காரரிடமிருந்து பழைய பிரிட்ஜ் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். தெருவில் கான்ட்ராக்ட் வீட்டுக்கு வந்த முதல் பிரிட்ஜ். அதில் மருந்தைத் தவிர ஒரு சொம்புத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

ஊசியைப் போட நர்ஸ் இரண்டு பேருக்குமே சொல்லிக்கொடுத்தாள். அம்மா ஊசியைத் தொடைக்குப் பக்கம் வரை கொண்டுபோவாள். அங்கேயே கை நின்றுவிடும். "என்ன நானே எப்பிடிங்க குத்திக்கிறது?" என்பாள். அதனால் அப்பாதான் போட்டார். செகண்ட் ஷிப்ட் என்றால் அவர் வரும்வரை அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். அப்பா கரி போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு குத்துவார். அன்றிரவு அம்மாவுக்குக் காய்ச்சல் அடிக்கும். காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுவாள்.

வேலைக்குப் போவதுதான் முக்கியம். நோய் என்று கான்ட்ராக்டர் காதில் விழுந்தால் அடுத்த மாதம் பட்டியலில் பேர் இருக்காது. அதனால் ஆஸ்பத்திரி என்ற சொல்லைத் தெருவில் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

நான்காவது முறை பாண்டிச்சேரி போனபோது, ஊசியை எப்போது நிறுத்தலாம் என்று அம்மா கேட்டாள். டாக்டர், "இது பெர்மனென்ட்டும்மா. ஊசியும் அப்படித்தான்னு வச்சிக்கங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்களுக்குச் சந்தோஷம் அளவுக்கு மீறி வந்தால் பேச்சு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் இறங்கியதும் பெரியம்மா எதிரே வந்தாள். அம்மாவும் அப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். "எங்கடா குடும்பத்தோட ஊர்கோலம்?" என்றாள். சத்தியத்தை நான் மீறவில்லை. ஆஸ்பத்திரி என்று வாய் திறக்கவே இல்லை. நல்ல செய்தியை மட்டும் சொன்னேன்.

"அம்மாவுக்கு பெர்மனென்ட் ஆயிடுச்சு பெரியம்மா."

மறுநாள் சாயங்காலம் ஐந்து பெண்களும் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். அப்பா செகண்ட் ஷிப்ட் போயிருந்தார். பெரியம்மாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம பெர்மனென்ட் ஆயிட்டியாமே? நேத்து வந்தவ நீ. பதினோரு வருசமா வாரிக்கினு இருக்கேன், எனக்கு இல்லாதது ஒனக்கு எப்பிடிடி வந்துச்சு?"

"யாரக்கா சொன்னது?"

"ஒம் புள்ளதான் சொன்னான். பொய் சொல்ற புள்ளையா அது?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. "பையன் ஒளறிட்டான்க்கா" என்றாள். யாரும் நம்பவில்லை.

"அப்ப இந்த பிரிட்ஜ் ஏதாம்? கான்ட்ராக்ட் வூட்ல பிரிட்ஜ் மொளைக்குமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். பெரியம்மா போய் அதைத் திறந்தே விட்டாள். "இன்னாடி இது, ஒரு கத்திரிக்காகூட இல்ல. ஒத்த அட்டப்பொட்டிக்கா இம்மாம் பெரிய பிரிட்ஜ்?"

அம்மா அவளைத் தாண்டிப் போய் அந்தப் பெட்டியை எடுத்தாள். ஓர் ஊசியை வெளியே வைத்துவிட்டு, "குளிர் போவணும், அரை மணி நேரம் ஆவும். உக்காருங்க" என்றாள். அந்த அரை மணி நேரத்தில் கண், கால், பாண்டிச்சேரி எல்லாவற்றையும் சொன்னாள். "பெர்மனென்ட்டு எனக்கில்லக்கா. எனக்கு வந்த சீக்குக்கு."

பிறகு தரையில் உட்கார்ந்து, பஞ்சால் தொடையைத் துடைத்தாள். ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் கை நின்றது. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன், ஆனால் இடுக்கு வழியே பார்த்தேன். அம்மா தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், நேராகக் குத்தினாள். பத்து எண்ணினாள். எடுத்தாள்.

"வலிக்கலியாடி?" என்றாள் ஒருத்தி மெதுவாக.

"வலிக்குது."

"அப்பறம் ஏன்டி சிரிக்கிற?"

அம்மா நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "நானே போட்டுக்கினேன்க்கா" என்றாள். நான்கு பேர் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியம்மா மட்டும் தள்ளி நின்றாள். "வெயில்ல எப்பிடி?" என்று கேட்டாள்.

"வெயில் ஏறிச்சுன்னா கண்ணு மங்கிடும். காலு இழுக்கும்."

"அதுக்குத்தான் தொடப்பத்த ஊணிக்கினு நின்னியா? சோம்பேறி சோம்பேறின்னு ஒன்ன நாலு மாசமா திட்டிக்கினு இருந்தேனேடி."

"கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சுதுன்னா..."

"யாரு சொல்லப்போறது?" பெரியம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை கதவிடுக்கில் வந்து நின்றது. "நாங்க சொல்லமாட்டோம். இந்த வாத்தியார் வாய மூடிக்கினு இருந்தா சரி."

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, மூன்று தடவை கைகழுவிக்கொண்டு வந்து நின்றார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். "அப்ப எனக்கு வேல போச்சா?" என்றார். "கைக்குப் பின்பக்கம் எனக்கு எட்டாது. அதுக்கு வாங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா ஓர் ஊசியையும் தவறவிடவில்லை. இரண்டு தடவை நோய் திரும்பி வந்து அவளைப் படுக்கையில் போட்டது. இரண்டு தடவையும் எழுந்துகொண்டாள். மருந்தின் பேர் மாறிவிட்டது, ஊசியின் அளவு மாறிவிட்டது. அம்மா இன்றைக்கும் நடக்கிறாள். கொஞ்சம் சாய்ந்து நடப்பாள், அவ்வளவுதான். நான் டிப்ளமோ முடித்தது அவள் பெருக்கிச் சம்பாதித்த காசில். அவள் பேர் பட்டியலிலிருந்து ஒரு மாதம்கூட விழவில்லை.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு வேறு ஒரு வருத்தம் இருந்தது. ஆபீஸுக்கு எதிரே பஸ்கள் நிற்கிற பெரிய மைதானம் அம்மாவின் இடம். அதன் ஓரத்தில் ஒரு கொடுக்காப்புளி மரம் இருந்தது. பெருக்கி முடித்து, மடி நிறையக் கொண்டுவருவாள். பெண்கள் வந்துபோன மறுநாளே பெரியம்மா அம்மாவை அங்கிருந்து எடுத்து உள்ளே, வராந்தாவும் மாடிப்படியும் துடைக்கப் போட்டுவிட்டாள். மைதானத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். மரத்துக்காகத்தான் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். அம்மாவிடம் அவள் கொடுத்தனுப்பிய கொடுக்காப்புளியைத் தொடவில்லை. பங்குனி வெயில் போய் அக்கினி நட்சத்திரம் வந்தது. தெருவில் எதிரே வருகையில் அவள் முகம் கருகிப்போய், நெற்றியெல்லாம் வேர்க்குருவாக இருந்தது. என் அம்மாவின் இடத்தைப் பிடுங்கியவளுக்குச் சாமி கொடுத்த தண்டனை அது என்று நினைத்து, நான் மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன்.