சாக்குக்குள் இருந்த மத்தளம்

வெள்ளைக்காரச் சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம், ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையொன்றில் அறுப்பின் பண்டிகைக்குப் பாடப் போயிருந்தேன். அங்கே மத்தளம் வாசிப்பவர் ஒல்லியான மனிதர், காதில் பழைய கடுக்கன். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது என்றார்கள். ஆனால் அன்று அவர் மத்தளத்தைத் தொடவே இல்லை. என் கீர்த்தனை தாளமில்லாமல் தள்ளாடியது. பாட்டு ஏறும்போதெல்லாம் அவருடைய வலதுகை விரல்கள் தொடைமேல் எழும்பும். இடதுகை அவற்றைப் பிடித்து அமுக்கும்.

ஆராதனை முடிந்ததும் கோபத்தோடு அவரிடம் போனேன். "ஏன் வே, வாசிச்சா என்ன?"

பந்தலோரம் நின்ற ஒருவரைக் கண்ணால் காட்டினார். சுடலைமாடன் கோயிலில் இருபது வருஷம் சாமியாடியவராம். சமீபத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றாராம்.

"அவரு வந்த மொத ஞாயித்துக்கிழமை நான் ரெண்டு தட்டுதான் தட்டினேன். அவருக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிட்டு. எந்திச்சு வெளிய ஓடிட்டாரு. அன்னைக்கே இந்த மத்தளத்தைச் சாக்குல கட்டிட்டேன்."

"மத்தளத்துல பேயா இருக்கு?"

"வெறும் தோலும் கட்டையுந்தாம்னு எனக்குத் தெரியும் வே. அவருக்குத் தெரியணும்லா. அவரே வாசியும்னு சொல்லட்டும்."

"சொல்லலேன்னா?"

அவர் காலடியில் கிடந்த சாக்கைப் பிரித்து, தோல் காய்ந்துவிட்டதா என்று சத்தம் வராமல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மறுபடி கட்டினார்.

"அவரு இப்பவும் நம்ம வேதக்கோயிலுக்கு வாராருல்லா," என்றார்.

அதற்குப் பிறகு நல்ல மத்தளம் எத்தனையோ கேட்டுவிட்டேன். நினைவில் நிற்பது அந்த இடதுகைதான்.